கன்னத்தில் வைத்துப் பார்த்தது

பிப்ரவரி 5, புதன்

காலையில் பல் செய்யும் லேபில் நான்கு செட், ஒரு பீங்கான் கேப். ஒரு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு ஓவியக் கல்லூரியின் பகுதிநேர வகுப்புக்கு ஓட்டம். புதன்கிழமை மதியத்துக்கு மேல் வர மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. ஐம்பத்து மூன்று வயதில் நான் மாணவன். அடையாள அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து என் மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

முதல் இரண்டு மணி நேரம் ஓவியம். எதிரே ஒருவரை உட்கார வைத்து முகத்தை வரையச் சொன்னார் ஆசிரியை. என் தாளைப் பார்த்துவிட்டு, "சார், அவர் வாயை மூடிட்டுத்தானே உட்கார்ந்திருக்கார். நீங்க மட்டும் எப்படிப் பல்லைப் பார்த்தீங்க?" என்றார். வகுப்பே சிரித்தது. இருபத்தாறு வருடம் பல்லையே பார்த்தவனுக்கு முகம் என்பது பல்லைச் சுற்றியிருக்கும் இடம்தான்.

அதற்குப் பிறகு களிமண். அங்கே நான் ராஜா. செய்த பொருள் முழுக்கக் காய்ந்த பிறகுதான் சூளைக்குள் போக வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். தான் போவதோடு பக்கத்தில் இருப்பதையும் உடைத்துவிட்டுப் போகும். காய்ந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், கன்னத்தில் வைத்தால் போதும். ஜில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. லேபில் பீங்கான் பல் சுடுகிறவன் என்பதால் என் கன்னத்தின் மேல் எல்லோருக்கும் நம்பிக்கை. ஆசிரியையே அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். 'ஈரம்' என்று எழுதிய தட்டிலிருந்து 'காய்ந்தது' என்று எழுதிய தட்டுக்கு என் கன்னத்தைத் தொடாமல் எதுவும் போவதில்லை. 'கன்னக்காரர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. டைரியில் கூடவா பொய் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 12, புதன்

என் பக்கத்து முக்காலியில் உட்காருபவர் தபால் அக்கா. ஐம்பத்தெட்டு வயது. இந்தக் கல்லூரிக்கு வரும் தபாலை இத்தனை வருடமாகக் கொண்டுவருபவரும் அவர்தான். புதன்கிழமை கடைசித் தபாலை அலுவலக மேஜையில் வைத்துவிட்டு, சீருடையோடு அப்படியே வகுப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஓவியம் வராது என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். "இந்தக் கையில கடுதாசியத் தவிர எதுவும் நிக்காது தம்பி." ஆனால் இன்று களிமண்ணில் அவர் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து என் வேலையை விட்டுவிட்டேன். தன் பழைய ஷூ ஜோடியை எதிரே வைத்துக்கொண்டு அதேபோல ஒரு ஜோடி செய்கிறார். பையை வலது தோளில் மாட்டி மாட்டி வலது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்தை அப்படியே கொண்டுவந்திருந்தார். லேஸை நூல் நூலாக உருட்டி, நிஜமாகவே முடிச்சுப் போட்டிருந்தார்.

"முப்பத்தொரு வருஷம் என்னைத் தூக்கிட்டு நடந்திருக்கு. ஒரு மரியாதை செய்ய வேண்டாமா?" என்றார்.

அடிப்பாகம் கொஞ்சம் தடிமன். மெதுவாகக் காய விடுங்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். இரண்டாம் ஆண்டுக்குப் போக, சுட்டு முடித்த பொருள் மூன்று இருக்க வேண்டும். அவரிடம் இரண்டு இருக்கிறது. மூன்றாவது இந்த ஷூ.

என்னிடம் மூன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் கண்காட்சியில் நடு மேஜையில் வைக்கிற மாதிரி பெரிதாக ஒரு கூஜா, மூடியோடு, செய்ய ஆசை. வீட்டில் சொன்னேன். "கூஜா தூக்கறவங்களைப் பார்த்திருக்கேன். செய்யறவரை இப்பத்தான் பாக்கறேன்" என்கிறாள்.

பிப்ரவரி 19, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகிற ஒருவருக்கு முன்பல் உடைந்துவிட்டதாம், உடனே வேண்டுமாம். அவர் பல் முடிந்தது. என் கூஜாவை இன்னும் தொடவே இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

தனியாக அனுமதி வாங்கிக்கொண்டு இன்று மாலை போய்க் கூஜாவை முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. கழுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திரும்புகிறது. அடியில் என் முத்திரையாக ஒரு கடைவாய்ப் பல் கீறினேன். சூளை ஏற்றுவது புதன்கிழமை. இரண்டு நாளில் காய்ந்துவிடும். மின்விசிறிக்கு நேராக வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

சூளை ஏற்றியாகிவிட்டது. பதினெட்டுப் பொருள்கள், கூஜாவும் உள்ளே. வைக்கும்போது லேசாக ஒரு குளிர்ச்சி இருந்தது. இன்று அறையே குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

மார்ச் 5, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் படுக்கவும் முடியாது.

சூளைக்காரர் கதவைத் திறந்துவிட்டு எங்களைக் கூப்பிடவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது. நடுத்தட்டு முழுக்க நாசம். ஏழு பேருடைய வேலை. ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் இரண்டு மாதமாகச் செய்த பறவைக்குத் தலை இல்லை. அக்காவின் ஷூ இரண்டும் உடைந்து கிடந்தன.

யாரும் எதுவும் கேட்பதற்கு முன் அக்கா சொன்னார். "என்னுதுதான் வெடிச்சிருக்கும். அடி தடிமன்னு எனக்கே தெரியும்."

ஆசிரியை என்னைப் பார்த்தார். "சார், நீங்க பார்த்தீங்கல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "அவர் பார்க்கல டீச்சர். அவர் அந்தப் பக்கம் போயிருந்தப்ப நானே தூக்கிக் காஞ்ச தட்டுல வச்சுட்டேன்" என்றார்.

பொய். நான் பார்த்தேன். போன வாரம் ஒரு ஷூவை இந்தக் கன்னத்திலும் இன்னொன்றை அந்தக் கன்னத்திலும் வைத்துப் பார்த்தேன். "ரெண்டு போன்ல பேசற மாதிரி இருக்கு தம்பி" என்று சிரித்தார். இரண்டும் சுக்காகக் காய்ந்திருந்தன. அதைச் சொல்லித்தான் தட்டில் வைத்தேன். என் கணிப்பு தப்பாகிவிட்டது என்று நினைத்து, என் பெயர் கெடக்கூடாதென்று அவர் அந்தப் பொய்யைச் சொன்னார்.

ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். சீருடையில், கையைக் கட்டிக்கொண்டு. கணக்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் என்னிடம் வந்தார். "தம்பி, உங்க கூஜா தூளாயிருச்சே. மன்னிச்சிருங்க."

நான் சொன்னது — "பரவாயில்லக்கா."

பரவாயில்லக்கா! இந்த வாயால்.

ஷூக்கள் பெரிய பெரிய துண்டுகளாகத்தான் உடைந்திருந்தன. லேஸ் முடிச்சு கலையாமல் இருந்தது. செதில் செதிலாகச் சிதறியிருந்தது கூஜா மட்டும்தான். வெடித்தது எது, அடிபட்டது எது என்று பார்க்கத் தெரிந்தவனுக்குப் பார்த்ததும் தெரியும். எனக்குப் பார்க்கத் தெரியும். பல் முத்திரை இருந்த அடித்துண்டு ஒன்று கிடந்தது. யாரும் பார்க்காதபோது எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மற்றதைச் சூளைக்காரர் கூட்டி அள்ளிவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

பிப்ரவரி 26 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும். அறை குளிர்ச்சியாக இல்லை. மின்விசிறியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றாத அளவுக்குப் புழுக்கம். கூஜா ஜில்லென்று இருந்தது. வேறு யாராவது கொண்டுவந்து காட்டியிருந்தால், "இன்னும் ஒரு வாரம் போகட்டும்" என்று திருப்பி அனுப்பியிருப்பேன். கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, தெரிந்தேதான் வைத்தேன்.

மார்ச் 12, புதன்

அக்கா வரவில்லை. கால்வலியாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

இன்று வரைந்தது பானைகளும் துணியும். நிழல் சரியாக விழுந்திருக்கிறது என்று ஆசிரியை பாராட்டினார். பக்கத்து முக்காலியில் என் பையை வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

ஆசிரியை அவரிடம் போனில் பேசியிருக்கிறார். சின்னதாக ஏதாவது செய்து கொடுங்கள், கடைசிச் சூளையில் வைத்துவிடலாம் என்று சொல்லியும் பார்த்தாராம். "மத்தவங்க உழைப்பையெல்லாம் உடைச்ச கை டீச்சர், இனிமே மண்ணைத் தொடாது" என்றாராம் அக்கா.

இதை ஆசிரியை என்னிடம் தனியாகத்தான் சொன்னார். அறையில் வேறு யாரும் இல்லை. சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. "பாவம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தேன். அக்கா சைக்கிளை நிறுத்தி, தபால் கட்டைக் காவலாளியிடமே கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறார். இவ்வளவு காலம் உள்ளே வந்து அலுவலக மேஜையில் வைத்தவர்.

ஏப்ரல் 2, புதன்

கண்காட்சி. நடு மேஜையில் என்னுடைய மூன்று பொருள்களையும் வைத்திருந்தார்கள். மனைவி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "பரவாயில்லையே, உருப்படியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே கிடையாது. வேறொரு நாளாக இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

இரண்டாம் ஆண்டுப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். என் பெயர் மூன்றாவது. அக்காவின் பெயர் எங்கும் இல்லை. இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்தேன்.

ஏப்ரல் 9, புதன்

கடிதம் எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க. உறையில் விலாசம் எழுதும்போதுதான் உறைத்தது — இது அவருடைய தபால் நிலையத்துக்குத்தான் போகும். அவரே பிரித்து அடுக்கி, அவரே பையில் போட்டுச் சுமப்பார். என் கோழைத்தனத்தையும் அவர் தலையிலேயே ஏற்றவா? கிழித்துப் போட்டுவிட்டேன்.

கடிதத்தில் மூன்று இடத்தில் 'சூழ்நிலை' என்று எழுதியிருந்தேன். கிழித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மே 11, ஞாயிறு

மனைவி என் மேஜை இழுப்பறையைத் துடைக்கப்போய் அந்தப் பல் முத்திரைத் துண்டை எடுத்துவிட்டாள். "இது என்ன, குப்பையெல்லாம் சேர்த்து வச்சிருக்கீங்க?" சொல்லிவிட்டேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "பல் செட்டு கடிக்குதுன்னு யாராவது திருப்பிக் கொண்டு வந்தா என்ன சொல்வீங்க?"

"எங்க அளவு தப்பு, மாத்தித் தரோம்னு சொல்வேன்."

"முதலாளிக்குப் பயந்து மறைச்சதில்லையே?"

"இல்ல."

"அப்ப இதுல மட்டும் என்ன வந்துச்சு?"

பதில் தெரியும். பல் செட்டில் தப்பு வந்தால் நான் வேலைக்காரன். வேலைக்காரனுக்குத் தப்பு வரும். இங்கே என்னைக் கலைஞன் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

ஜூன் 18, புதன்

விடுமுறை. ஆனாலும் கல்லூரி வாசலில் போய் நின்றேன், சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணி. அக்கா சைக்கிளில் வந்தார். மெலிந்திருக்கிறார். "என்ன தம்பி, இந்தப் பக்கம்?"

"எனக்கு ஏதாவது தபால் இருக்கான்னு..." என்றேன்.

"உங்க வீடு என் லைன்ல இல்லையே தம்பி" என்று சிரித்துவிட்டு, காவலாளியிடம் கட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவர் வீடு இரண்டாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. சீருடை ஜன்னல் ஓரம் காய்ந்துகொண்டிருந்தது. "வாங்க தம்பி, உட்காருங்க" என்றார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, அன்னைக்கு வெடிச்சது உங்க ஷூ இல்ல. என் கூஜா. ஈரம்னு தெரிஞ்சேதான் வச்சேன்."

துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். பல் முத்திரையை விரலால் தடவினார். ஜன்னல் விளிம்பில் அந்த லேஸ் முடிச்சு இருந்தது. உடைந்த துண்டுகளைத் தபால் பையில் போட்டு அன்றே கொண்டுவந்திருக்கிறார். அது வரைக்கும் எனக்குத் தெரியாது.

"அப்போ..." என்றார். "அப்போ என் ஷூ காஞ்சுதான் இருந்துச்சா?"

எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். இந்தக் கேள்விக்குத் தயார் பண்ணவில்லை.

"சுக்கா காஞ்சிருந்துச்சுக்கா. அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. கெழவி மனசு நோகக் கூடாதுன்னு சும்மா சொன்னீங்கன்னு நெனச்சுட்டேன். அதான் நான் உங்ககிட்ட காட்டவே இல்லன்னு சொன்னேன். நம்ம மேல இரக்கப்பட்ட மனுஷனுக்கு எதுக்குக் கெட்ட பேருன்னு." தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "நாலு மாசமா இந்தக் கையைப் பார்த்தாலே எனக்குப் புடிக்கல தம்பி. சொல்லியிருக்கலாம்ல? மறுநாளே வந்து ஒரு வார்த்தை. நான் வேறொண்ணு செஞ்சு குடுத்திருப்பேன்ல?"

மன்னிச்சிருங்க என்று சொன்னேனா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன்.

"எங்கிட்ட மட்டும் வந்து சொன்னா எப்படி?" என்றார். குரல் மாறியிருந்தது. "நான் எல்லார் முன்னாடியும்தானே நின்னேன். நீங்களும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இப்ப கெளம்புங்க. எனக்கு வேலை இருக்கு."

அந்தத் துண்டை அவர் திருப்பித் தரவில்லை.

ஜூலை 21, திங்கள்

லேபில் ஒரு மேல்வரிசைப் பல்லை இடம் மாற்றிப் பொருத்திவிட்டேன். "எங்க சார் இருக்கீங்க?" என்றார் முதலாளி.

செப்டம்பர் 3, புதன்

இரண்டாம் ஆண்டின் முதல் வகுப்பு. மேஜைகள் துடைத்துச் சுத்தமாக இருந்தன. கணக்கர் ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு, "கன்னக்காரரே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வந்தார். வாங்கவில்லை. எழுந்து நின்று சொன்னேன். ஈரம் என்று தெரிந்தே வைத்ததை, துண்டைப் பையில் போட்டதை, அக்கா எனக்காகப் பொய் சொன்னதை, நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றதை. மொத்தமே இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இதற்கு ஆறு மாதம்.

கணக்கர், "இவ்வளவு நாளா நான் அந்தம்மாவைப் போற இடமெல்லாம் திட்டிட்டு இருந்தேன் சார்" என்றார். தொட்டியை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

ஆசிரியை பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இனிமே அவங்கவங்க பொருளை அவங்கவங்களே பார்த்துக்கலாம்" என்றார். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, "நானே போன் பண்ணி அவங்ககிட்ட சொல்றேன். நீங்க பண்ணாதீங்க" என்றார்.

கன்னக்காரர் என்று அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 10, புதன்

கரித்துண்டால் என் கையையே வரைந்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனபோது மேஜையில் தபால் கட்டு இருந்தது. காவலாளி கொண்டுவந்து வைத்ததா என்று கேட்டேன். "இல்ல, அந்தம்மாவே உள்ள வந்தாங்க" என்றார் எழுத்தர்.

வகுப்பில் ஆசிரியை மண் பிசைந்துகொண்டே சொன்னார். அக்காவுக்கு ஒரு பொருள்தான் பாக்கியாம். அதை முடித்துவிட்டால் இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் ஒத்துக்கொண்டார்களாம். எனக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. வாயெல்லாம் பல் என்பார்களே, அப்படி. பக்கத்து முக்காலியைக்கூட ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"நீங்க எந்தக் கிழமை வர்றீங்கன்னு கேட்டாங்க" என்றார் ஆசிரியை. "புதன்னு சொன்னேன். அப்போ வெள்ளிக்கிழமை வகுப்புல சேர்ந்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

அவர் மண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நல்லது என்றேன். நல்லதுதான். புதன்கிழமை அவருக்கு எவ்வளவு தோதான நாள் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வர அவர் வேறு யாரிடமாவது தன் லைனை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அக்டோபர் 8, புதன்

இன்று என் சின்னக் கிண்ணம் ஒன்றைக் காய்ந்த தட்டில் வைக்கப் போனேன். மூன்று வாரமாகக் காய்கிறது. நான்கு தடவை கன்னத்தில் வைத்துப் பார்த்தும் நம்பிக்கை வரவில்லை, ஈரத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

அங்கே ஓரமாக ஒரு ஷூ ஜோடி. வலது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. லேஸ் முடிச்சு முன்பு போட்டதைவிட இறுக்கமாக, அழகாக இருக்கிறது. அடி இந்தத் தடவையும் தடிமன்தான். அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

மேலே ஒரு சீட்டு வைத்திருந்தார். விலாசம் எழுதுகிற கையெழுத்து, எழுத்து எழுத்தாக. 'காய்ந்ததா என்று யாரும் பார்க்க வேண்டாம். நானே பார்த்துக்கொள்கிறேன்.'

என் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.